வண்டின் இறக்கைக்கு அடியில் வாழும் சிற்றுண்ணிகள்: கண்டறிவதும் பெயரிடுவதும்

தென்னந்தோப்பை ஒட்டிய உங்கள் வீட்டு விளக்கடியில் ஒரு காண்டாமிருக வண்டு விழுந்து கிடந்ததாகவும், அதைப் புரட்டியபோது கால்களின் இடுக்கிலிருந்து கடுகைவிடச் சிறிய பழுப்பு நிற உயிர்கள் வேகமாக ஓடியதாகவும், முதுகின் கடினமான இறக்கையைத் தூக்கியபோது அசையாமல் ஒட்டியிருந்த வேறு சிலவும் தெரிந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். இவை வண்டின் ஒட்டுண்ணிகளா, இவற்றுக்குப் பெயர் உண்டா, இதுவரை பெயரில்லாத ஒன்றைப் புதிய சிற்றினம் என்று எப்படி முடிவு செய்கிறார்கள் என்பன உங்கள் கேள்விகள். மூன்றும் ஒன்றோடொன்று பின்னியவை என்பதால் சேர்த்தே விடை சொல்கிறேன்.

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக் கொள்வோம். நம் இலக்கியத்தில் வண்டு என்றால் பெரும்பாலும் தேன் உண்ணும் பூச்சி. இங்கே அச்சொல் முன்னிறக்கைகள் இரண்டும் தடித்து உறைபோல ஆகிவிட்ட பூச்சி வரிசையை மட்டும் குறிக்கிறது. அந்த உறையிறக்கைகளுக்கு அடியில்தான் பறப்பதற்கான மெல்லிய பின்னிறக்கைகள் மடிந்திருக்கின்றன. சிற்றுண்ணி என்று நான் சொல்வது பூச்சியை அல்ல. சிலந்தி, தேள் ஆகியவற்றின் வகுப்பைச் சேர்ந்த, எட்டுக்கால் கொண்ட மிகச் சிறிய உயிர்களை அச்சொல் குறிக்கிறது. மாட்டின் காதில் ஒட்டும் உண்ணி இவற்றின் பெரிய உறவினர். தென்னங்குரும்பையைச் சொறிபிடிக்க வைக்கும் ஈரியோபைட் சிலந்தி என்று நம் விவசாயிகள் சொல்வதும் உண்மையில் ஒரு சிற்றுண்ணியே. சிற்றுண்ணிகளில் உலகில் இதுவரை 50,000க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் பெயர் பெற்றிருக்கின்றன. பெயர் பெறாதவை அதைப்போலப் பல மடங்கு இருக்கும் என்பதே இத்துறையினரின் பொதுவான கணிப்பு.

உங்கள் முதல் கேள்விக்கு நேரடியான விடை: வண்டின் மேல் இருக்கிறது என்பதாலேயே ஒரு சிற்றுண்ணியை ஒட்டுண்ணி என்று சொல்லிவிட முடியாது. இதை நான் வலியுறுத்திச் சொல்வதற்குக் காரணம், இந்தத் தவறு இத்துறை தோன்றிய காலத்திலிருந்தே தொடர்வதுதான். உயிர்களுக்கு இருசொல் பெயரிடும் முறையை நிலைநாட்டிய சுவீடன் அறிஞர் லின்னேயஸ், 1758இல் வெளியான தம் சிஸ்டெமா நாச்சுரே நூலின் பத்தாம் பதிப்பில், வண்டுகளின் மேல் காணப்படும் ஒரு சிற்றுண்ணிக்கு அகாரஸ் கோலியோப்ட்ராட்டோரம் என்று பெயரிட்டார். சாண வண்டுகளின் வயிற்றடியில் கூட்டமாகத் தொற்றிக்கொண்டிருக்கும் அது இன்று பாராசைட்டஸ் என்ற பேரினத்தில் வைக்கப்பட்டுள்ளது. பாராசைட்டஸ் என்றால் ஒட்டுண்ணி என்பதே பொருள். ஆனால் அது வண்டின் உடலிலிருந்து எதையும் உறிஞ்சுவதில்லை. சாணத்தில் உள்ள நூற்புழுக்களையும் ஈக்களின் முட்டைகளையும் வேட்டையாடி உண்ணும் அது, ஒரு சாணக்குவியல் காய்ந்துபோகும்போது அடுத்த புதுச் சாணத்தைத் தேடிப் பறக்கும் வண்டின் மேல் ஏறிக்கொள்கிறது. தனக்கு இறக்கை இல்லாத உயிர், இறக்கை உள்ள உயிரின் மேல் சவாரி செய்கிறது, அவ்வளவே. பெயர் வைத்துவிட்டால் விதிப்படி அது நிலைத்துவிடும் என்பதால், வேட்டையாடும் ஓர் உயிர் ஒட்டுண்ணி என்ற பெயரை இன்றுவரை சுமக்கிறது.

உங்கள் காண்டாமிருக வண்டின் கால் இடுக்குகளில் ஓடியவை பெரும்பாலும் லேலாபிடே குடும்பத்தின் ஹைப்போயாஸ்பிஸ் பேரினத்தைச் சேர்ந்தவையாக இருக்கலாம். பெரிய கொம்பு வண்டுகளின் மேல் இவை வழக்கமாகக் காணப்படுகின்றன. சிற்றினம் எது என்பதைக் கண்ணாடிச் சில்லில் ஏற்றி நுண்ணோக்கியில் பார்க்காமல் யாரும் சொல்ல முடியாது. சொல்கிறவரை நம்பவும் வேண்டாம். தென்னையின் இன்னொரு எதிரியான சிவப்புக் கூன்வண்டின் உறையிறக்கையைத் தூக்கினால், உட்புறத்தில் பழுப்பு நிற வட்டுகள்போல நெருக்கமாக ஒட்டியிருக்கும் சிற்றுண்ணிகளைப் பல நாடுகளில் கண்டிருக்கிறார்கள். அவற்றில் அதிகம் பதிவானது 1992இல் விவரிக்கப்பட்ட சென்ட்ரோயூரோபோடா அல்மெரோடாய். அதன் இளம் பருவம், பின்புறத்திலிருந்து ஒரு பசையைச் சுரந்து, அது இறுகி உருவாகும் காம்பினால் வண்டோடு தன்னைப் பிணைத்துக்கொள்கிறது. அந்தக் காம்பு நங்கூரம்தானே தவிர உறிஞ்சுகுழல் அல்ல. ஒரே வண்டின் மேல் இவை நூற்றுக்கணக்கில் ஏறினால் பறப்பது கடினமாகலாம் என்பது வேறு செய்தி. கூன்வண்டை இவற்றைக் கொண்டு ஒழித்துவிடலாம் என்ற பேச்சு அவ்வப்போது எழுகிறது. சவாரி செய்யும் உயிரை ஒட்டுண்ணி என்று எண்ணிக் கட்டிய நம்பிக்கை அது என்பதே என் கருத்து.

சவாரிக்கும் ஒட்டுண்ணி வாழ்வுக்கும் இடையே கோடு கிழிப்பதும் எளிதன்று. ஹெமிசார்காப்டஸ் என்ற சிற்றுண்ணி, செடிகளில் செதில்போல ஒட்டிச் சாறு உறிஞ்சும் செதிற்பூச்சிகளைத் தின்று வாழ்வது. அதே செதிற்பூச்சிகளைத் தின்னும் கைலோகோரஸ் என்ற பொறிவண்டின் உறையிறக்கைக்கு அடியில் அதன் ஓர் இளம் பருவம் பயணம் செய்கிறது. அந்தப் பருவத்துக்குச் செயல்படும் வாயே கிடையாது. வாய் இல்லாதது எதைத் தின்ன முடியும், ஆகவே வெறும் பயணி என்றுதான் எல்லாரும் எண்ணியிருந்தார்கள். மர்லின் ஹௌக் என்ற ஆய்வாளரும் அவருடன் பணியாற்றியவரும் ஹைட்ரஜனின் கதிரியக்க வடிவமான ட்ரிடியத்தை வண்டின் உடலுக்குள் செலுத்திப் பார்த்தபோது, அது சிற்றுண்ணியின் உடலிலும் வந்து சேர்ந்திருப்பதை 1995இல் காட்டினார்கள். ஒட்டிக்கொள்வதற்கு மட்டுமே என்று கருதப்பட்ட பின்புறப் பகுதியின் வழியாக அது வண்டின் உடல்நீரைப் பெற்றிருக்கிறது. பயணியாகத் தொடங்கிய உயிர், பயணத்தின்போதே உணவையும் பெறத் தொடங்கி, மெல்ல மெல்ல முழு ஒட்டுண்ணியாக மாறியிருக்கக்கூடும் என்பதற்கு இதைவிட நல்ல சான்றை நான் அறியேன்.

இனி, ஐயமே இல்லாத ஒட்டுண்ணிகளுக்கு வருகிறேன். வண்டுகளின் உண்மையான ஒட்டுண்ணிச் சிற்றுண்ணிகளில் மிக வியப்பானது போடாபோலிபிடே என்ற குடும்பம். 1888இல் இத்தாலியில் ரொவெல்லியும் கிராஸ்ஸியும் ஆகிஸ் ஸ்பினோசா என்ற கருவண்டின் உறையிறக்கைக்கு அடியில் ஒரு விந்தையான உயிரைக் கண்டு, அதற்குப் போடாபோலிப்பஸ் ரெகாண்டிட்டஸ் என்று பெயரிட்டார்கள். ரெகாண்டிட்டஸ் என்றால் மறைந்திருப்பது. அந்த கிராஸ்ஸிதான் பத்து ஆண்டுகளுக்குப் பின், மனித மலேரியாவை அனாபிலிஸ் கொசு பரப்புவதை இத்தாலியில் நிறுவியவர்களுள் முதன்மையானவர். அவர்கள் கண்ட பெண் உயிர் ஏறத்தாழ ஒரு பை. முட்டைகள் நிறைந்து உப்பிய அந்தப் பையின் முன்முனையில் ஊசிபோன்ற வாயுறுப்பும் அதையொட்டி ஒரே ஒரு சோடிக் கால்களும் மட்டுமே எஞ்சியிருந்தன. எட்டுக்கால் என்ற அடையாளத்தை மனத்தில் வைத்துத் தேடுகிறவர் இதைச் சிற்றுண்ணி என்று எண்ணவே மாட்டார்.

இக்குடும்பத்தில் கால்கள் குறைந்துகொண்டே வருவதைப் பேரினம் பேரினமாகத் தொடர்ந்து பார்க்க முடியும். தரைவண்டுகளின் மேல் மட்டுமே வாழும் யூடார்சோபோலிப்பஸ் பேரினத்தில் வளர்ந்த பெண்ணுக்கு மூன்று சோடிக் கால்கள் உள்ளன. பொறிவண்டுகளின் மேல் வாழும் காக்கிபோலிப்பஸ் பேரினத்திலும் மேலே சொன்ன போடாபோலிப்பஸிலும் ஒரே சோடி. ஆண் மிகச் சிறியது. அதன் புணர்ச்சி உறுப்பு வயிற்றின் முனையில் இல்லாமல் முதுகின் மேல் அமைந்திருக்கிறது, சில பேரினங்களில் அது தலையை நெருங்கும் அளவுக்கு முன்னோக்கி நகர்ந்துவிட்டது. வாழ்க்கைச் சுற்றும் அப்படியே சுருங்கிவிட்டது. மற்ற சிற்றுண்ணிகள் லார்வா, அதன்பின் நிம்ஃப் எனப்படும் இடைப்பட்ட இளம் பருவங்கள் ஒன்று முதல் மூன்று வரை, பிறகு முதிர்ச்சி என்று வளரும்போது, இவை இடைப்பருவங்களை உதறிவிட்டன. முட்டையிலிருந்து வெளிவரும் ஆறுகால் லார்வா வடிவப் பெண்ணே ஆணோடு இணைந்துவிடுகிறது. பிறகு அது புதிய வண்டுக்கு மாறி, அங்கே வாயைப் பதித்து, ஒரே தோலுரிப்பில் முட்டையிடும் பையாக ஆகிவிடுகிறது. ஓடித் தேட வேண்டிய வேலை லார்வாவோடு முடிந்துவிடுகிறது. அதன்பின் ஒரே இடத்தில் உட்கார்ந்து உறிஞ்சும் உயிருக்குக் கால்கள் சுமைதான்.

புதிய வண்டுக்கு அது எப்படி மாறுகிறது என்பதில்தான் இந்த உறவின் முழு வடிவமும் தெரிகிறது. இரண்டு புள்ளிப் பொறிவண்டான ஆடாலியா பைபங்டேட்டாவின் மேல் வாழும் காக்கிபோலிப்பஸ் ஹிப்போடாமியே, பொறிவண்டுகள் இணையும்போது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்து ஏறுகிறது. ஆகவே இது பாலுறவால் பரவும் தொற்று என்று 1990களில் கிரெக் ஹர்ஸ்டும் உடன் ஆய்வாளர்களும் ஐரோப்பாவில் நிறுவினார்கள். தொற்றிய பெண் பொறிவண்டு உடனே சாவதில்லை. வழக்கம்போல முட்டையிடுகிறது, ஆனால் சில வாரங்களில் அந்த முட்டைகள் பொரிக்காமல் போகின்றன. ஆண் வண்டுக்கு அத்தகைய மலட்டுத்தன்மை ஏற்படுவதில்லை. அது தொற்றைச் சுமந்து பரப்பிக்கொண்டே இருக்கிறது. இந்தச் சிற்றுண்ணி ஓரிடத்தில் நிலைத்திருக்க ஒரு நிபந்தனை உண்டு: முந்தைய தலைமுறை வண்டுகள் உயிரோடு இருக்கும்போதே அடுத்த தலைமுறை முதிர்ந்து அவற்றோடு இணைய வேண்டும். இரு தலைமுறைகளும் சந்திக்காத இடத்தில், பழைய வண்டுகள் சாகும்போது சிற்றுண்ணியும் அவற்றோடு அழிந்துவிடும். ஓர் ஒட்டுண்ணியின் பரவலை, அதற்கு இடம் தரும் ஓம்புயிரியின் காதல் பருவமே தீர்மானிக்கிறது என்பதை முதன்முதலில் படித்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்றும் குறையவில்லை.

இவை எல்லாமே இறக்கைக்கு அடியில் மட்டும் வாழ்கின்றன என்றும் எண்ண வேண்டாம். 1971இல் ஸ்டன்னார்டும் வைசம்பாயனும் அமெரிக்காவில் விவரித்த ஓவகாரஸ் கிளைவினே, மக்காச்சோள விதைகளைச் சேதப்படுத்தும் ஒரு மெல்லிய தரைவண்டின் இனப்பெருக்கக் குழாய்க்குள் வாழ்கிறது. வண்டை அறுத்துப் பார்க்காதவர்களுக்கு அது என்றென்றும் இல்லாத உயிராகவே இருந்திருக்கும்.

கண்டறியும் முறைக்கு வருவோம். புதிய சிற்றினத்தைத் தேடுகிறவர் உண்மையில் வண்டைத்தான் தேடுகிறார். மண்ணில் விளிம்புவரை புதைத்த குவளைகளில் தரைவண்டுகளும், விளக்குப் பொறிகளில் இரவில் பறப்பவையும் கிடைக்கும். பலரும் இங்கேதான் தவறு செய்கிறார்கள். ஒரே குவளையில் பத்து வகை வண்டுகள் விழுந்து கிடந்தால், இறக்கும் வண்டின் மேலிருந்து சிற்றுண்ணிகள் இறங்கி அடுத்ததன் மேல் ஏறிவிடும். எல்லாவற்றையும் ஒரே புட்டியில் சாராயத்தில் போட்டால் உதிர்ந்தவை கலந்துவிடும். அதன்பின் எந்தச் சிற்றுண்ணி எந்த வண்டுக்குரியது என்று சொல்ல வழியே இல்லை. ஆகவே ஒரு வண்டுக்கு ஒரு புட்டி என்பது மீறக்கூடாத விதி. வாயைப் பதித்து ஒட்டியிருப்பதை அந்த இடத்திலேயே கண்டு எழுதிக்கொண்டால் அது உறுதியான சான்று. புட்டியின் அடியில் கிடந்ததை எடுத்து எழுதினால் அது ஊகம்.

பிறகு இருகண் நுண்ணோக்கியின் கீழ் வண்டை வைத்து, உறையிறக்கைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி, அவற்றின் உட்புறம், பின்னிறக்கையின் அடிப்பகுதி, வயிற்றின் மேற்புற மென்தோல் என்று ஒழுங்காகப் பார்க்க வேண்டும். எந்த இடத்தில் இருந்தது என்பதைக் குறிப்பது அழகுக்காக அல்ல. ஒரே தரைவண்டின் மேல் யூடார்சோபோலிப்பஸின் ஒன்றுக்கும் மேற்பட்ட சிற்றினங்கள் வெவ்வேறு இடங்களைப் பங்கிட்டு வாழ்வதுண்டு. ஜெர்மனியில் ரெகன்ஃபுஸ் 1968இல் வெளியிட்ட பெரிய ஆய்வு இதை விரிவாகப் பேசுகிறது. இடத்தைக் குறிக்காமல் எல்லாவற்றையும் சேர்த்து எடுத்தவருக்கு, ஒன்றின் ஆணையும் மற்றொன்றின் பெண்ணையும் இணைத்து இல்லாத ஒரு சிற்றினத்தை உருவாக்கிவிடும் ஆபத்து இருக்கிறது.

காட்டுக்குப் போகாமலும் கண்டுபிடிப்புகள் நிகழ்கின்றன. அருங்காட்சியகங்களில் ஊசி குத்தி வைத்த பழைய வண்டுகளின் இறக்கைக்கு அடியில், அவற்றைச் சேகரித்தவர் அறியாமலேயே உடன் சேகரித்த சிற்றுண்ணிகள் உலர்ந்து ஒட்டியிருக்கும். அமெரிக்காவின் மிச்சிகனில் பணியாற்றிய ராபர்ட் ஹஸ்பண்ட் போடாபோலிபிடே குடும்பத்தில் விவரித்த சிற்றினங்களில் பல அப்படிக் கிடைத்தவை. பொறிவண்டுகளின் ஒட்டுண்ணிகளுக்கான காக்கிபோலிப்பஸ் பேரினத்தை 1972இல் நிறுவியவரும் அவரே.

எடுத்த சிற்றுண்ணி ஒரு மில்லிமீட்டரின் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும். அதை லாக்டிக் அமிலம் கலந்த திரவத்தில் ஊறவைத்து, உடலின் உட்பகுதி கரைந்து தோல் மட்டும் பளிங்குபோலத் தெளியும்வரை காத்திருக்க வேண்டும். முட்டை நிறைந்த பெண்ணை மெல்லிய ஊசியால் குத்தி வெறுமையாக்காவிட்டால் எதுவும் தெரியாது. அதன்பின் ஹோயர் கலவை என்ற ஊடகத்தின் ஒரு துளியில், முதுகு மேலாகவோ வயிறு மேலாகவோ படுக்கவைத்து, மெல்லிய கண்ணாடியால் மூட வேண்டும். அந்தக் கலவை 50 மில்லிலிட்டர் வாலைவடிநீர், 30 கிராம் அரபிக் கோந்து, 200 கிராம் குளோரல் ஹைட்ரேட், 20 மில்லிலிட்டர் கிளிசரின் ஆகியவற்றால் ஆனது. குளோரல் ஹைட்ரேட் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட மருந்துப்பொருள் என்பதால் இதை வீட்டில் செய்ய முயல வேண்டாம். சில்லை 45 முதல் 50 டிகிரி வெப்பத்தில் ஒரு வாரமாவது உலர்த்தி, ஈரம் புகாதபடி விளிம்பை அடைக்க வேண்டும். நம்மூர் மழைக்காலத்தில் சரியாக அடைக்காத சில்லுகள் ஓராண்டுக்குள் கெட்டுவிடும்.

இனி வகைப்படுத்தல். நிறமற்ற மெல்லிய உறுப்புகளையும் பிரித்துக் காட்டும் கட்ட வேறுபாட்டு ஒளியில் அந்தச் சில்லைப் பார்க்கிறவர் முதன்மையாகப் பார்ப்பது நிறத்தையோ வடிவத்தையோ அல்ல, மயிர்களை. உடலின் மேலும் ஒவ்வொரு கால் கணுவிலும் எத்தனை நுண்மயிர்கள், எந்த இடத்தில், என்ன நீளத்தில், முள்போலவா தட்டையாகவா என்பதே இவற்றின் மொழி. பிரான்சின் பிரான்சுவா கிராஞ்சான், ஒவ்வொரு மயிருக்கும் எழுத்தும் எண்ணும் சேர்ந்த ஒரு முகவரியைக் கொடுத்து, தொலைவான இரு குடும்பங்களின் மயிர்களையும் ஒன்றுக்கொன்று நேராக ஒப்பிட வழிசெய்தார். சிற்றுண்ணிகளின் ஒரு பெரும்பிரிவில் மயிரின் உட்கரு, ஒரே தளத்தில் மட்டும் அதிரும் முனைவாக்கிய ஒளியில் மின்னுகிறது, மற்றொன்றில் மின்னுவதில்லை என்பதைக் கண்டவரும் அவரே. ஆக, உங்கள் வண்டின் காலிடுக்கில் ஓடிய ஹைப்போயாஸ்பிஸ் ஒரு பெரும்பிரிவு, இறக்கைக்கு அடியில் வாழும் போடாபோலிப்பஸ் மற்றொரு பெரும்பிரிவு. ஒரே வண்டின் மேல் இருந்தாலும் இவை இரண்டும் மிகப் பழங்காலத்திலேயே பிரிந்துவிட்ட இரு வழிகள்.

அதன்பின் படிப்படியாக உள்ளே செல்ல வேண்டும். போடாபோலிபிடேக்குள் பெண்ணின் கால் சோடிகளின் எண்ணிக்கை, ஆணின் புணர்ச்சி உறுப்பு இருக்கும் இடம் முதலியவை பேரினத்தைக் காட்டும். யூடார்சோபோலிப்பஸுக்குள் மயிர்களின் எண்ணிக்கையையும் வாயூசிகளின் நீளத்தையும் கொண்டு சிற்றினக் குழுக்கள் பிரிக்கப்பட்டுள்ளன. அந்தக் குழுவில் ஏற்கெனவே விவரிக்கப்பட்ட ஒவ்வொன்றோடும் ஒப்பிட்டு, எதனோடும் பொருந்தாதபோதுதான் புதியது என்ற சொல்லுக்கு உரிமை வருகிறது. இங்கே நுண்ணோக்கியைவிட நூலகம் கடினம். பழைய விவரிப்புகள் ஜெர்மனிலும் இத்தாலியிலும் ரஷ்யனிலும் சிதறிக் கிடக்கின்றன. படம் தெளிவில்லாத இடத்தில், அந்தப் பெயருக்கு மூலமான சில்லையே அருங்காட்சியகத்திலிருந்து வரவழைத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

எல்லாப் பருவங்களும் கிடைத்தனவா என்ற கேள்வியை நான் மற்றெதையும்விட முக்கியமாகக் கருதுகிறேன். ஒரு சிற்றினத்தின் பை போன்ற பெண், சிறிய ஆண், ஆறுகால் லார்வா ஆகிய மூன்றையும் தனித்தனியே பார்த்தால் மூன்று வெவ்வேறு குடும்பங்கள் என்றே தோன்றும். இது கற்பனையான அச்சம் அன்று. வாயில்லாப் பயணப் பருவம் என்று முன்னே சொன்னேனே, அத்தகைய பருவங்களை 19ஆம் நூற்றாண்டில் ஹைப்போபஸ் என்று தனிப் பேரினமாகவே வைத்திருந்தார்கள். அது தனி உயிர் அல்ல, வேறு சிற்றுண்ணிகளின் இளம் பருவம் என்பதை 1860களில் சுவிட்சர்லாந்தின் கிளாப்பரேட் காட்டிய பிறகுதான் குழப்பம் தெளியத் தொடங்கியது. ஒரே ஒரு பெண்ணை மட்டும் வைத்துக்கொண்டு புதிய சிற்றினம் அறிவிக்கும் கட்டுரைகளை நான் தயக்கத்தோடுதான் படிக்கிறேன்.

இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு சிக்கல் உண்டு. பிணம் புதைக்கும் வண்டான நைக்ரோஃபோரஸ், இறந்த எலியையோ பறவையையோ மண்ணில் புதைத்துத் தன் குஞ்சுகளுக்கு உணவாக்குகிறது. அதன் மேல் சவாரி செய்யும் பொய்சிலோகைரஸ் கராபி அங்கே இறங்கி இனம் பெருக்கி, அடுத்த தலைமுறையை மீண்டும் வண்டின் மேல் ஏற்றி அனுப்புகிறது. 1882இல் பெயர் பெற்ற இது ஒரே சிற்றினம் என்றே நூறாண்டுகள் கருதப்பட்டது. டேவிட் ஸ்லோன் வில்சன் 1982இல், இவற்றுக்கு வெவ்வேறு நைக்ரோஃபோரஸ் வண்டுகளைத் தெரிவு செய்யக் கொடுத்துப் பார்த்தபோது, எந்த வண்டில் ஏறுவது என்ற விருப்பம் மரபுவழி வேறுபடுவதைக் கண்டார். ஐரோப்பாவில் தொடர்ந்த ஆய்வுகள், ஒரு பெயருக்குள் ஒன்றுக்கும் மேற்பட்ட சிற்றினங்கள் இருப்பதை உறுதிசெய்தன. உடலமைப்பு வேறுபாடுகள் இருந்தன. ஆனால் நடத்தை வழிகாட்டிய பின்னரே கண்ணுக்குத் தெரிந்தன. இந்தச் சிற்றுண்ணிகள் பிணத்தின் மேல் இடப்பட்ட ஈ முட்டைகளைத் தின்று வண்டுக்கு உதவுவதும் உண்டு, சூழ்நிலை மாறினால் வண்டின் குஞ்சுகளுக்குக் கேடாவதும் உண்டு. ஆகவே நண்பனா பகைவனா என்று ஒரே சொல்லில் முடித்துவிட முடியாது.

இன்று மைட்டோகாண்டிரிய மரபணுவின் ஒரு துண்டை ஒப்பிட்டு இத்தகைய மறைந்த சிற்றினங்களைப் பிரிக்கிறார்கள். தோலைச் சிதைக்காமல் டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்து, அதே தோலைப் பின்னர் சில்லில் ஏற்றும் முறையும் வழக்கத்துக்கு வந்துவிட்டது. பயனுள்ள கருவிதான். ஆனால் எத்தனை விழுக்காடு வேறுபட்டால் தனிச் சிற்றினம் என்று எல்லாவற்றுக்கும் பொதுவான எல்லை எதுவும் கிடையாது.

பெயரிடுவதற்கான விதிகளை விலங்கியல் பெயரிடலுக்கான பன்னாட்டு நெறிமுறை வகுத்திருக்கிறது. நான்காம் பதிப்பு 2000ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி, பெயர் எந்த மாதிரியைச் சார்ந்தது என்பதை வெளிப்படையாகச் சொல்லி, அது எந்த நிறுவனத்தில் வைக்கப்படும் என்பதையும் குறிப்பிட வேண்டும். ஒரு சிற்றினத்தைப் பின்னர் வேறு பேரினத்துக்கு மாற்றினால் முதலில் பெயரிட்டவரின் பெயர் அடைப்புக்குறிக்குள் செல்லும். மேலே சொன்ன பொறிவண்டின் ஒட்டுண்ணியான காக்கிபோலிப்பஸ் ஹிப்போடாமியேவை 1969இல் மெக்டேனியலும் மோரிலும் டெட்ராபோலிப்பஸ் என்ற பேரினத்தில் வைத்து விவரித்தார்கள், ஹஸ்பண்ட் அதைப் பின்னர் காக்கிபோலிப்பஸுக்கு மாற்றினார். அதனால்தான் இன்று அவர்கள் பெயர் அடைப்புக்குறிக்குள் அச்சாகிறது. இந்தியாவில் இதோடு சட்டமும் சேர்கிறது: 2002ஆம் ஆண்டின் உயிரியற் பன்மயச் சட்டம், புதிய சிற்றினத்தைக் கண்டறிகிறவர் அதை அரசு குறித்த காப்பகத்துக்கு அறிவித்து, சான்று மாதிரிகளையும் அங்கே ஒப்படைக்க வேண்டும் என்கிறது. விலங்குகளுக்கு அத்தகைய காப்பகங்களில் முதன்மையானது கொல்கத்தாவில் உள்ள இந்திய விலங்கியல் அளவைத் துறை. வெளிநாட்டு நிபுணர் ஒருவருக்கு நட்பின் பேரில் மாதிரிகளை அஞ்சலில் அனுப்பிவிடுவதும் சட்டச் சிக்கலில் கொண்டுபோய் விடலாம். அனுமதி பற்றிய ஐயங்களுக்குச் சென்னையிலேயே தலைமையகம் கொண்ட தேசிய பல்லுயிர் ஆணையத்தை அணுகலாம்.

உங்கள் கையில் உள்ள வண்டை என்ன செய்வது என்பதற்கு வருகிறேன். சிற்றுண்ணிகளைக் கிள்ளி எடுக்காதீர்கள். வாய் வண்டின் தோலில் பதிந்திருந்தால் உடல் மட்டும் கையோடு வரும். வாயுறுப்பு இல்லாத மாதிரியால் பயனில்லை. வண்டை அப்படியே ஒரு சிறு கண்ணாடிப் புட்டியில், அது மூழ்கும் அளவுக்கு எத்தில் ஆல்கஹால் ஊற்றி, தனியாக வையுங்கள். வெளியே ஒட்டும் சீட்டு ஆல்கஹாலில் அழிந்துவிடும் என்பதால், தடித்த தாளில் பென்சிலால் எழுதிப் புட்டிக்குள்ளேயே போடுங்கள். ஊர், அட்சரேகை தீர்க்கரேகை, நாள், விளக்கடியில் கிடைத்தது என்ற குறிப்பு, பிடித்தவர் பெயர் ஆகியவை அதில் இருக்கட்டும். கால் இடுக்கில் ஓடியவை எத்தனை, இறக்கைக்கு அடியில் அசையாமல் இருந்தவை எத்தனை, அவை வலப்புற இறக்கையிலா இடப்புறத்திலா என்று நினைவில் இருக்கும்போதே இன்றே எழுதிவிடுங்கள். அடுத்த மழையில் இன்னும் சில வண்டுகள் விளக்குக்கு வந்தால் ஒவ்வொன்றையும் தனித்தனிப் புட்டியில் இடுங்கள். சிற்றுண்ணி இல்லாத வண்டு கிடைத்தால் அதையும் வைத்துக்கொண்டு, இல்லை என்றே எழுதுங்கள். எத்தனையில் எத்தனை என்ற கணக்கு அப்படித்தான் வரும். அருகில் உள்ள வேளாண் பல்கலைக்கழகத்தின் பூச்சியியல் துறையில் சிற்றுண்ணிகளைப் பார்ப்பவர் ஒருவராவது பெரும்பாலும் இருப்பார். புட்டிகளை அவரிடம் கொண்டுபோய்க் கொடுக்கும்போது, சிற்றுண்ணி எடுக்கப்பட்ட பின்னும் வண்டை எறிந்துவிடாமல் அதே எண்ணோடு வைத்திருக்கும்படி கேட்டுக்கொள்ளுங்கள்.